காற்று புகுந்த இரத்தம்

1996 ஆடி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கோவை ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்த வங்கி முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் முதலில் நின்ற இருவரும் கணபதி பகுதியில் பம்பு செட் பட்டறை நடத்தும் மச்சான், மாப்பிள்ளை.

“ஆப்பரேசன்ல ரத்தக்குழாய்க்குள்ள காத்து பூந்துருச்சாமுங்க மச்சான்,” என்றார் மாப்பிள்ளை.

“பம்புல ஏர் புடிச்சாப்லயா?”

“அப்படித்தானுங்க. காத்தை எடுத்துப்போட்டாங்க. இப்ப ரத்தம் உறைய மாட்டேங்குது. ஊசி குத்துன எடமெல்லாம் நிக்காம வருதுங்க. உங்க தங்கச்சி கண்ணே தொறக்கலீங்க.”

“ஏர் புடிச்ச பம்புக்கு என்ன பண்ணுவோம் மாப்ள?”

“தண்ணி ஊத்துவோமுங்க.”

“எவ்வளவு?”

“நெறஞ்சு வழியற வரைக்கும்.”

மச்சான் நர்ஸிடம் கையை நீட்டினார். “வேணுங்கறத எடுத்துக்குங்க அம்மணி.”

“ஒருத்தர்கிட்ட ஒரு பாட்டில்தாங்க எடுப்போம்.”

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற பட்டறை ஆட்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணினேன், பதினோரு பேர்.