நேராக்கிய தாடை

ஹலோ... தம்பியா? அண்ணிதான், லேபுலேர்ந்து பேசறேன். உங்க ஞாயித்துக்கிழம பேப்பர் இப்பதான் கைக்கு வந்துச்சு... ஆமா, ஆமா, அந்தப் படந்தான்... நன்றி சொல்லவா கூப்பிட்டேன்? யாரு மூஞ்சிடா அது?...

நான் அனுப்பினதா? நான் அனுப்பினது சாம்பல் கலர்ல, மொட்டத் தலையோட ஒரு முகம். நீ போட்டிருக்கறது சோப்பு விளம்பரம்!...

இரு, நான் பேசி முடிச்சிடறேன். கல்குவாரிப் பள்ளத்துல கெடச்ச ஒரு பொம்பளையோட மண்டையோடு அது. போலீஸ் கொண்டாந்தப்போ பேரும் இல்ல, ஊரும் இல்ல. ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தி, நெத்திக்கு இவ்வளவு சதை, கன்னத்துக்கு இவ்வளவுன்னு மில்லிமீட்டர் கணக்குல பதினோரு நாள் ஒக்காந்து வச்சேன். எலும்பு சொல்லாத எதையும் நான் சேக்கல. நெறம் தெரியாது, அதான் சாம்பல். முடி தெரியாது, அதான் மொட்ட... ஆமாண்டா, வேணும்னேதான்!

நீ செவப்பாக்கிட்ட. கூந்தல் வச்சுட்ட. சரி, தொலையட்டும். தாடைய ஏன் நேராக்கின?...

கோணலா இருந்தது என் தப்புன்னு நெனச்சியா? எது தப்பு? அவளுக்குத் தாடையே கோணல்தான்! சின்ன வயசுல ஒடஞ்சு, கோணலாவே சேந்த எலும்பு. வீட்டு மனுஷங்களுக்கு அது ஒண்ணு போதுமே, இவதான்னு சொல்ல... எடிட்டர் சொன்னாரா? அவரு சொன்னா உன் புத்தி எங்க மேயப் போச்சு? மாப்பிள்ள வீட்டுக்கா போட்டோ குடுத்தேன் நான்?... அண்ணி அண்ணின்னு குழையாத!

நாளைக்கே மறுபடி போடற. நான் குடுத்தது குடுத்தபடி... என்ன? என்ன சொல்லணும்? மென்னு முழுங்காம சொல்லு.

யாரு?... எப்போ?... திங்கக்கிழமயே ஆபீசுக்கு வந்தாரா!... அண்ணங்காரரா... தங்கச்சி காணாமப் போயி எட்டு வருஷமா... ம்... ம்... கண்ணு, நெத்தி எல்லாம் அப்படியே... தாடை மட்டும், தங்கச்சிக்குக் கோணல், இது அவ இல்லன்னு...

அடப்பாவி.

நீ என்ன சொன்ன?... ஒண்ணுமே சொல்லலியா?

அழுதாரா?... சிரிச்சாரா?... எங்கயோ உசுரோட இருக்கா, அது போதும்னு... உனக்கு நன்றி வேற சொன்னாரா...

...

இல்ல, நான் கத்தல. இனி கத்தல. அவரு நம்பர் இருக்கா?... தேடு. லைன்லயே இருக்கேன்.

ம்... ஏழு... அடுத்து?... ம்... மெதுவா... சரி.

வேணாம், நீ பண்ணாத. நாந்தான் பேசணும்... என்ன பேசறதுன்னு எனக்கு மட்டும் தெரியுமா? எட்டு வருஷத்துக்கு அப்புறம் இந்த மூணு நாள்தான் அந்த மனுஷன் நிம்மதியா தூங்கியிருப்பாரு. இப்ப நான் போய்...

வை. போன வைடா.