தோய்க்காத சட்டை

துஷாந்தினி: இது நிரோஜாவின்ரை சட்டைதானோ, அன்ரி?

ஞானாம்பிகை: ஓம் பிள்ளை. வீட்டிலை போடுறது.

துஷாந்தினி: தோய்க்கேல்லைத்தானே? தோய்ச்சதெண்டால், மை போட்டுப் பாக்கேக்கை ஆள் எங்கை எண்டு தெரியாது.

கனகலிங்கம்: மகள் கடைசியாப் போட்டதைத்தான் எடுக்கச் சொன்னனான். என்ன ஞானம், அதுதானே?

ஞானாம்பிகை: அதுதான்... அதுதானப்பா.

துஷாந்தினி: அங்கிள், குறை நினையாதேங்கோ. நீங்கள் கொஞ்சம் எங்கடை கேற்றடியிலை நில்லுங்கோ.

கனகலிங்கம்: ஏன்? இன்னாசித்தம்பியின்ரை துலைஞ்ச மாட்டை மையிலை கண்டு சொல்லேக்கை அவன் பக்கத்திலைதானே நிண்டவன்!

துஷாந்தினி: அவர் உப்பிடிக் கத்தேல்லை, அங்கிள்.

கனகலிங்கம்: பதினேழு வயசுப் பெட்டையிட்டை நான் பேச்சு வாங்கிறன்... சரி. சுவிஸ் மாப்பிளை நாளைக்கு வந்து இறங்குறான். பொம்பிளையைக் காணேல்லை எண்டு அவையளுக்குச் சொல்லேலுமோ? கெதியாப் பார்!

துஷாந்தினி: அங்கிள் போயிட்டாரோ?

ஞானாம்பிகை: ஓம். கேற்றடியிலை நிக்கிறார்.

துஷாந்தினி: வெத்திலையை இப்பிடிப் பிடியுங்கோ. மை வழியப்போகுது... ஏன் கேற்றையே பாக்கிறியள், அன்ரி?

ஞானாம்பிகை: அவர் உள்ளை வந்திடுவாரெண்டுதான்.

துஷாந்தினி: ம்... ஒரு பொம்பிளை தெரியுது.

ஞானாம்பிகை: நிரோஜாவோ?

துஷாந்தினி: இல்லை. வயசுக்கு மூத்தவ. வாழைக்குலை ஏத்தின வாகனத்திலையிருந்து இறங்குறா. சாவகச்சேரிச் சந்தையடி... பஸ் ஒண்டு நிக்குது.

ஞானாம்பிகை: மெல்லக் கதை, பிள்ளை!

துஷாந்தினி: ஆரையோ பஸ்ஸிலை ஏத்திவிடுறா. பிட்டுப் பார்சலும் குடுக்கிறா. அழுறா...

ஞானாம்பிகை: போதும்! போதும் பிள்ளை, வாயை மூடு!

துஷாந்தினி: அன்ரி... இது உங்கடை சட்டை. ஆரின்ரை சட்டையோ, அவைதான் மையிலை வருவினம்.

ஞானாம்பிகை: எனக்கென்ன தெரியும்! அவளைக் காட்டக்கூடாதெண்டுதானே மாத்தித் தந்தனான்.

துஷாந்தினி: அங்கிளுக்குத் தெரிஞ்சால்...

ஞானாம்பிகை: என்னைக் கொல்லட்டும். பிள்ளை கம்பஸிலை படிக்க எடுபட்டிருக்கு. கலியாணம் வேண்டாம், படிக்கப்போறன் எண்டு என்ரை காலைப் பிடிச்சு அழுதவள். வவுனியாவிலை என்ரை சிநேகிதி ஸ்ரெல்லா வீட்டிலை போய் இரு எண்டு நான்தான் ஏத்திவிட்டனான்.

துஷாந்தினி: பிறகென்ன, அங்கை இருக்கட்டுமன்.

ஞானாம்பிகை: அவள் போய்ச் சேரேல்லையடி! ஸ்ரெல்லா பஸ் ஸ்ராண்டிலை காத்துக்கொண்டு நிண்டவளாம். பஸ் வந்ததாம், அவள் வரேல்லையாம். என்ரை போனை இந்த மனிசன் பறிச்சு வைச்சிருக்கு. பக்கத்து வீட்டுப் போனிலை அடிச்சுப் பாத்தன், அவளின்ரை போன் வேலை செய்யேல்லை. நானெல்லோ அனுப்பினனான்... ஆரிட்டைச் சொல்லி அழுவன்?

துஷாந்தினி: சத்தம் போடாதேங்கோ, அன்ரி...

ஞானாம்பிகை: இந்தா. இதுதான் அவளின்ரை. பையுக்கை ஒளிச்சுக் கொண்டந்தனான். தோய்க்கேல்லை. பார் பிள்ளை, உயிரோடை இருக்கிறாளோ எண்டு மட்டும் சொல்லு...

கனகலிங்கம்: என்ன ஞானம், அழுகைச் சத்தம் கேக்குது? என்னத்தைக் கண்டவள்?

துஷாந்தினி: கண்டிட்டன், அங்கிள்!

ஞானாம்பிகை: ஐயோ துஷா, வேண்டாம்...

துஷாந்தினி: பருத்தித்துறை. கடற்கரை வெளிச்சவீடு தெரியுது... கிட்டடியிலை ஒரு வீடு, நீலக் கேற்.

கனகலிங்கம்: அங்கை எங்களுக்கு ஒருத்தரும் இல்லையே! ஆரும் பெடியனோடையோ?

துஷாந்தினி: பெடியன் ஒருத்தரும் இல்லை. வெளிக்கிடப்போறாள் போலை கிடக்கு. கெதியாப் போங்கோ!

கனகலிங்கம்: ஞானம், வந்து மோட்டச்சைக்கிளிலை ஏறு!

துஷாந்தினி: அன்ரிக்குத் தலை சுத்துதாம். இஞ்சை இருக்கட்டும்.

கனகலிங்கம்: உவவுக்கு எப்பவும் ஒரு தலைச்சுத்து... சரி இரு, அவளோடை வந்து ஏத்துறன்.

ஞானாம்பிகை: போயிட்டார். ஏன் பொய் சொன்னனி? அவளின்ரை சட்டையை நீ தொடவும் இல்லையே.

துஷாந்தினி: தொடத் தேவையில்லை, அன்ரி.

ஞானாம்பிகை: ஏனடி? ஏதும் நடந்திட்டுதோ?

துஷாந்தினி: முந்தநாள் காலமை பல்லுத் தீட்டேக்கை சும்மா தெரிஞ்சது. மையுமில்லை, வெத்திலையுமில்லை. கொடிகாமத்திலை றோட்டுக் கரையிலை நிரோஜா தனிய நிண்டு அழுறாள். உடனை பஸ் பிடிச்சு ஓடினனான்.

ஞானாம்பிகை: நிண்டவளோ?

துஷாந்தினி: நிண்டவள். தான் போனால் அப்பா அம்மாவைத்தான் அடிப்பார் எண்டு இடையிலை இறங்கிட்டாளாம்.

ஞானாம்பிகை: என்ரை பிள்ளை... இவ்வளவையும் ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?

துஷாந்தினி: அனுப்பினது நீங்கள் எண்டு அவள் மூச்சும் விடேல்லை. நீங்களும் அங்கிளின்ரை பக்கம் எண்டு நினைச்சன். இண்டைக்கு மையிலைதான் கண்டனான்.

ஞானாம்பிகை: இப்ப எங்கையடி அவள்?

துஷாந்தினி: குசினிக்குள்ளை அடுப்படிக்குப் போங்கோ, அன்ரி. நீங்கள் வந்த நேரம் தொடக்கம் வாயைப் பொத்திக்கொண்டு அழுறாள்.