வெளியேற மறுக்கும் நபர்

— அய்யோ அங்கிள், நீங்க ரெண்டே நிமிஷம்தான் வர மாட்டேன்னு சொல்லணும். பேப்பர்ல அப்டித்தான் போட்டுகீது. இப்ப ஆறு நிமிஷம் ஆச்சு!

— அக்காங், நெசமா தண்ணி வந்தா உன் பேப்பரப் பாத்துகினா மாட்டேன்னு சொல்லுவாங்க? நான் வரல ஜூடி. நீ போ.

— இன்னிக்கு நெசமா வரல அங்கிள், ஒத்திகை. வெளிய பாருங்க, வெயிலு மண்டையப் பொளக்குது. இந்த ஆரஞ்சு கோட்டப் போட்டுகினு வேர்வையில நான்தான் மெதக்கறேன்.

— கோட்டு நல்லாத்தான் கீது. ரயில்வே கேட்ல நிக்கிற மாரி. பேப்பர்ல இன்னா வந்துகீது?

— புயல். புழல் ஏரியத் தொறந்துட்டாங்க, கடலும் தண்ணிய உள்ள வாங்கல, காத்திவாக்கம் பூரா இடுப்பளவு. எல்லாம் பேப்பர்லதான். அதுல நீங்க, "வெளியேற மறுக்கும் நபர், ஆண், வயது அறுபத்திரண்டு". நீங்களா கை தூக்கிக் கேட்டு வாங்குன வேஷம். மத்தவங்கல்லாம் கால் ஒடஞ்சவன், மயங்கி வுழுந்தவன்னு வாங்கிகினு, கட்டோட ஸ்கூல்ல குந்தி டிபன் துன்னுகினு கீறாங்க.

— இன்னா டிபன்?

— பொங்கல். சூடா கீது, வாங்க.

— பொங்கலுக்கெல்லாம் எழுந்துக்க மாட்டேன்.

— ஹலோ, ஹலோ, ஜூடி? வார்டு ஆபீஸ்ல இருந்து எபினேசர் பேசுதேன், வாக்கி டாக்கில கேக்கா? உங்க தெருவுல மட்டும் ஒரு ஆள் பாக்கின்னு காட்டுது. என்னம்மா செய்யுதீங்க அங்க?

— சார், இக்னேஷியஸ் அங்கிள் கட்டில வுட்டு எழுந்துக்க மாட்டேன்றாரு சார்.

— அது நடிப்புதானேம்மா?

— அதான் சார் எனக்கும் தெர்ல.

— வெரசா முடிங்க. டெல்லில சொன்னது எழிலகத்துக்கு வந்து, அங்கயிருந்து ரிப்பன் மாளிகை, அங்கயிருந்து நம்ம மண்டலம், வார்டுன்னு எறங்கி உங்க கைக்கு வர பதினோரு நிமிசம்தான் ஆச்சு. இப்ப "எல்லாரும் வெளியேறியாச்சு"ன்னு ஒத்த வரி கீழயிருந்து மேல ஏறணும். அத்தன பேரும் காத்துக் கெடக்காவ.

— கேட்டீங்களா அங்கிள்? டெல்லிலேர்ந்து உங்க வாசப்படிக்குப் பதினோரு நிமிஷம். உங்க கட்டில்லேர்ந்து வாசப்படிக்கு நாலே அடி. இந்த நாலு அடியிலதான் நாடே நின்னுகினு கீது.

— நிக்கட்டும். அந்த நாலு அடிதான் கஷ்டம்.

— ரெண்டு பயல அனுப்பவா ஜூடி? கட்டிலோட தூக்கிருவோம்.

— வேணாம் சார். கையப் புடிச்சி இழுக்கக் கூடாது, பேசித்தான் கூட்டியாரணும்னு பயிற்சில சொல்லிக்கீறாங்க. நவம்பர் பொறந்தா நெசமாவே தண்ணி ஏறும், அப்பவும் இந்தத் தெரு என் பொறுப்புதான். இன்னிக்கு ஒரு ஆள எழுப்பத் தெரிலன்னா அன்னிக்கு நான் யார எழுப்பப் போறேன்? அஞ்சு நிமிஷம் குடுங்க சார்.

— அஞ்சுதான். அதுக்கு மேல "ஒருவர் வெளியேறவில்லை"ன்னு அனுப்பிருவேன், பாத்துக்கிடுங்க.

— சர்தான். சொல்லுங்க அங்கிள். இன்னாத்துக்கு வர மாட்டீங்க?

— போன தபா கூப்ட்டாங்கன்னு மூட்டையக் கட்டிகினு போனா, ஒரு சொட்டு தண்ணி வரல. ஊரே சிரிச்சிச்சு.

— வரலன்னா நல்லதுதானே? பொங்கல துன்னுட்டுத் திரும்பி வந்துடலாம். நானும் உங்களோட சேந்து சிரிக்கறேன். அப்றம்?

— அந்த ஸ்கூல்ல பாத்ரூம் கதவுக்குத் தாப்பா இல்ல. விடியற வரைக்கும் அடக்கிகினு குந்தியிருக்கணும்.

— உங்களுக்கு இன்னாத்துக்குத் தாப்பா? ஆம்பள நீங்க, செவுத்தோரமா...

— தாப்பா கீதா இல்லியா? அத்த சொல்லு.

— கீது. முந்தாநேத்து போட்டாங்க. நானே உள்ள போயி தாப்பா போட்டு ஆட்டிப் பாத்தேன். அப்றம்?

— நைட்டியோட எப்டி வர்றது? தெரு பூரா ஆம்பளைங்க.

— மாதாவே! லுங்கி கட்டிகினு நைட்டின்றீங்களே! எபினேசர் சார் கேட்டா வுழுந்து வுழுந்து சிரிப்பாரு.

— சிரிக்காத ஜூடி.

— சரி, சிரிக்கல. ...அங்கிள், இன்னாத்துக்குக் கண்ணு கலங்குது?

— நீ கூப்பிட வந்தவதானே? கூப்டு. நைட்டிக்கு இன்னா சொல்லுவ?

— என் துப்பட்டா தரேன். போத்திகினு என் பக்கத்துலயே வாங்க. யாரும் பாக்க மாட்டாங்க. தோ, புடிங்க.

— ம். ...அடுப்புல கொழம்பு கீது. வாள மீனு. நேத்துதான் ஆசையாக் கேட்டாரு.

— யாரு கேட்டாரு?

— ஹார்பருக்கு ட்யூட்டிக்குப் போய்கீறாரு. வந்துடுவாரு. பூட்டுன வூட்டப் பாத்தா பதறிடுவாரு. அவரு வராம நான் எப்டி வர்றது?

— ஹலோ ஜூடி, மூணு நிமிசம் போயிட்டு.

— சார், கொஞ்ச நேரம் பேசாம இருங்க சார். ...அங்கிள். ஹார்பர்ல கிரேன் ஓட்டுனது நீங்கதானே? இந்த வூட்டுல உங்க கூட இருந்தது கிறிஸ்டினா ஆன்ட்டி. நான் கண்ணாலம் கட்டிகினு இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாலயே வெள்ளத்துல போய்ட்டாங்கன்னு என் மாமியார் சொல்லிக்கீது. எத்தினி பேரு கூப்ட்டும் வரல, அவ்ளோ புடிவாதம்னு.

— தெருவே அப்டித்தான் சொல்லும்.

— இவ்ளோ நேரம் நீங்க பேசுனதெல்லாம் ஆன்ட்டி பேசுனதா?

— அன்னிக்கு அவளக் கூப்பிட வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போயிக் கேட்டு வச்சிகீறேன். தாப்பான்னு ஒருத்தர்கிட்ட சொல்லிக்கீறா, நைட்டின்னு ஒருத்தர்கிட்ட. அஞ்சு வருஷமா இந்தக் கட்டில்ல குந்திகினு யோசிக்கிறேன். இன்னா சொல்லியிருந்தா எழுந்து வந்துருப்பா? எனக்கு அந்த வார்த்த தெர்ல ஜூடி. உனக்குப் படிப்பு சொல்லிக் குடுத்துகீறாங்க. கூப்டு. அவளக் கூப்டு.

— ...ஆன்ட்டி.

— ம்.

— ஆன்ட்டி, அடுப்ப அணைச்சிட்டேன். கொழம்புச் சட்டிய மேல் பலகையில ஏத்தி மூடி வச்சிட்டேன், தண்ணி தொடாது. வந்து ரெண்டு வேளைக்கி வச்சித் துன்னுவாரு, பாருங்க.

— வூட்டப் பூட்டுனா...

— பூட்டவே வேணாம். தோ, சாக்பீஸ் கீது. ஆளு கெளம்புன வூட்டுக் கதவுல பேரும் எங்க போனாங்கன்னும் நாங்க எழுதிட்டுத்தான் நகருவோம். பெருசா எழுதறேன். எந்நேரம் வந்தாலும் கண்ணுல படும். நேரா ஸ்கூலுக்கு வந்துடுவாரு.

— வருவாரா?

— வராம? நீங்க இங்க தண்ணியில நின்னா அவரும் தண்ணியிலதான் எறங்கணும். நீங்க அங்க காஞ்ச துணியோட குந்தியிருந்தா, அவரு வந்து "இன்னா கிறிஸ்டினா"ன்னு பக்கத்துல குந்துவாரு. உங்களுக்காக வேணாம் ஆன்ட்டி. அவருக்காக வாங்க.

— ...அவருக்காக.

— ஆமா. நான் இழுக்க மாட்டேன். கைய நீட்டிகினு நிக்கறேன், அவ்ளோதான்.

— ...புடி. முட்டி வலிக்குது.

— மெதுவா. துப்பட்டாவ மிதிச்சிடப் போறீங்க. அப்டித்தான். இன்னும் ஒரு அடி. தல குனிங்க, நெலை தாழ்வா கீது.

— ஹலோ ஜூடி? நேரம் முடிஞ்சிட்டு. மேல என்ன அனுப்ப?

— வெளிய வந்தாச்சு சார்! எல்லாரும் வெளியேறியாச்சு, அனுப்புங்க.

— அப்பாடி! நல்லாருப்பே தாயி. ஹலோ மண்டலம், ஹலோ மண்டலம்...

— நில்லுங்க அங்கிள், கதவுல எழுதிடறேன். இக்...

— என் பேரு வேணாம். கிறிஸ்டினான்னு எழுது.

— கிறிஸ்டினா. ஸ்கூல்ல. போதுமா? இனிமே தெருவுல எவளாச்சும் ஆன்ட்டி புடிவாதக்காரின்னு வாயத் தொறக்கட்டும், என் மாமியாரா இருந்தாலும் சும்மா வுட மாட்டேன்.

— அவளா புடிவாதக்காரி? அன்னிக்கு ஸ்கூலுக்குப் போவவான்னு போன்ல அவதான் கேட்டா ஜூடி. "யாரு கூப்ட்டாலும் போவாத, அங்கயே இரு, நான் வந்து கூட்டிகினு போறேன்"னு நான்தான் சொன்னேன்.