ஜன்னல் எந்தப் பள்ளிக்கு?

தீர்ப்புச் சொல்லத் தலைமையேற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, சத்தம் அளக்கும் ஒலிமானியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாய்த் திரிந்து தேய்ந்த பொறியாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, விமானத்துக்கு அடியில் வாழும் என் பகுதி உறவுகளே, நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் வாழும் எதிரணி அன்பர்களே, எல்லோருக்கும் ஒரு கணக்கு டீச்சரின் வணக்கம்.

பள்ளிகள் இரண்டு. சத்தம் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி ஜன்னலோ ஒரு பள்ளிக்குத்தான். எங்கள் கூரைக்கு மேலே விமானம். அவர்கள் வாசலுக்கு முன்னே நெடுஞ்சாலை. விமானம் எண்பத்தெட்டு டெசிபல், சாலை எழுபத்தாறு. எது பெரிது? எண்பத்தெட்டா, எழுபத்தாறா? கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

போன மாதம் ஆசிரியர் பரிமாற்றம் என்று என்னை ஒரு வாரம் சாலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்குள்ள ஆசிரியை என் வகுப்புக்கு வந்தார். எங்கள் பள்ளியில் விமானம் வந்தால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவோம். சாக்பீஸ் பிடித்த கையை உயர்த்தியபடி நிற்போம். அது போனதும் விட்ட இடத்தில் தொடங்குவோம். அதே பழக்கத்தில் அங்கே போய், "முக்கோணத்தின் மூன்று கோணங்களையும்..." என்று ஆரம்பித்தேன். லாரி வந்தது. நிறுத்தினேன். லாரி போவதற்குள் பேருந்து. பேருந்து போவதற்குள் குப்பை வண்டி. தூக்கிய கை தூக்கியபடியே நிற்கிறேன். முன்வரிசைச் சிறுமி பரிதாபப்பட்டுச் சொன்னாள்: "மிஸ், கை வலிக்கலயா? இங்க சத்தம் நிக்கவே நிக்காது. நீங்க பாட்டுக்குக் கத்துங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கத்தியும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வீட்டில் என் கணவர், "இந்த வாரம் வீடு ரொம்ப அமைதியா இருக்கே" என்று மகிழ்ந்துபோனார். என் தொண்டை கட்டியிருந்தது.

அன்று மாலைதான் அந்த ஆசிரியை என்னைப் பார்க்க வந்தார். "அக்கா, உங்க ஸ்கூல்ல ப்ளேன் போறப்பல்லாம் எனக்கு ரெஸ்ட் கிடைச்சுது. இந்த ஒரு வாரம்தான் தொண்டை வலிக்கல" என்றார். அப்புறம் மெல்லச் சொன்னார்: "இப்படியே கத்துனா குரல் போயிடும், வேற வேலை பாருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா. எனக்குப் பாடம் நடத்துறதத் தவிர வேற எதுவும் பிடிக்காது."

எனக்கு வெட்கமாக இருந்தது, சபையோரே. உச்சத்தை அளந்தோம், ஓயாமையை அளந்தோமா? விமானம் வீடதிர வந்து, வந்த வேகத்தில் போகிற விருந்தாளி. சாலையோ எழுந்தே போகாத விருந்தாளி. எங்களுக்கு விமானத்துக்கு விமானம் இடைவெளி உண்டு. அவர்களுக்கு இடைவேளையில்கூட இல்லை. அதோ, பொறியாளரே தலையாட்டுகிறார்.

ஆகவே எங்கள் பள்ளிக்காக வாதாட வந்த நான் கேட்கிறேன்: ஜன்னலை அவர்களுக்கே கொடுங்கள். முதல் வரிசையில் எங்கள் தலைமையாசிரியர் முறைக்கிற முறைப்பில் விமானமே தரையிறங்கிவிடும். ஐயா, நாளைக் காலை உங்கள் அறைக்கு நானே வருகிறேன். இப்போது தலைவர் பேனாவைத் திறந்து எழுதுகிறார். எனக்கு அது போதும்.

மூன்றாம் வரிசையில் அந்த ஆசிரியை எழுந்து மைக்கைக் கேட்கிறார். வேண்டாம் தங்கச்சி, உட்காரும்மா. உன் நன்றியையும் நானே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உனக்கு வகுப்பு இருக்கிறது. சபையோருக்கு எங்கள் இருவர் நன்றியும், வணக்கமும்.