அக்காவின் நல்ல படம்

வீட்டிலேயே நம்மை நாமே படம் எடுக்கப் பெரிய கேமரா எதுவும் தேவையில்லை, மேடம். ஒரு ஜன்னல் போதும். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். போனை நாலு புத்தகத்தின் மேல் சாய்த்து, பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு வந்து உட்கார வேண்டும். தோளைத் தளர்த்தி மூச்சை விட்டால் களைத்த முகம்கூட அமைதியாகத் தெரியும்.

இதை நான் அக்காவுக்காகத்தான் கற்றுக்கொண்டேன்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஒரே மகள், வெளிநாட்டில் இருக்கிறாள். நான் தையற்கடை வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன். புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, எதையும் மசித்து ஊட்டுவது. குறையாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

மகள் ஒருநாள் கேட்டாள்: "சித்தி, அம்மா போட்டோ ஒண்ணு அனுப்புங்க. பாத்தாத்தான் எனக்கு வேலை ஓடும்."

அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"என்ன சித்தி, எலும்பும் தோலுமா இருக்காங்க? ஒழுங்கா சாப்பாடு குடுக்கறீங்களா இல்லையா?"

அன்று அக்காவுக்கு ஊட்டி முடித்து நான் சாப்பிட உட்காரும்போது மணி மூன்று.

நானும் அக்காவும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்போம். பள்ளியில் அவள் செய்த குறும்புக்கு நான் அடி வாங்கியிருக்கிறேன். அடுத்த வாரம் அவளுடைய மூக்குக்கண்ணாடியையும் சால்வையையும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

"அம்மா தேறிட்டாங்களே! சித்தி, நீங்க தெய்வம்," என்றாள்.

ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

வீடியோவில் உன்னைப் பார்த்தால் அம்மா அழுது மூச்சு திணறுகிறாள் என்று சொல்லிவைத்தேன். அதன்பின் படம் மட்டும்தான். நல்ல வெளிச்சம் முன்னறையில் இருந்ததால் அக்காவின் கட்டிலைப் பின்னறைக்குத் தள்ளினேன். வீட்டுக்கு வரும் டாக்டரிடம், மகள் அழைத்துப்போய்விட்டாள் என்றேன். படம் நன்றாக வர நான் தூங்க வேண்டியிருந்தது, சாப்பிட வேண்டியிருந்தது. அக்காவுக்கு மூன்று வேளை இரண்டானது. பிறகு ஒன்று. இடது கையால் கட்டில் கம்பியில் கரண்டியைத் தட்டுவாள். கரண்டியை எடுத்துவிட்டேன்.

போன மாதம் அனுப்பிய படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக அமைந்தது. மகள் சந்தோஷத்தில் அழுதாள். "இப்ப அம்மா பிரயாணம் தாங்குவாங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன் சித்தி. நீங்க பட்டது போதும்."

போதும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பின்னறையில் இருந்தவளை எப்படிக் காட்டுவது? மகள் வருவதற்கு முந்தின திங்கட்கிழமை தண்ணீரையும் நிறுத்தினேன். கதவைச் சாத்திவிட்டு, முன்னறையில் உட்கார்ந்து துணி மடித்தேன். வியாழன் காலையில் அக்காவின் மூச்சு அடங்கிவிட்டது. மகள் சனிக்கிழமை வந்தாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

நான்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்காவைக் கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். போனில் எல்லாப் படமும் இருக்கிறது. வாரத்துக்கு வாரம் அவள் எப்படித் தேறிவந்தாள் என்று நீங்களே பாருங்கள்.