நாளைக்கு அழ வேண்டும்

– சும்மா அழுதாப் பத்தாது மதினி. சொல்லி அழுவணும்.

– என்னத்தச் சொல்ல, வேலாயி?

– எந்தம்பி மாரிசாமி உங்களுக்குப் புருசந்தானே? அவனப் பத்தி ஏதாச்சும். நாளைக்கு அவன் கருமாதி. லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைக எல்லாம் கூடி உக்காருவாளுக. ஒப்பாரிய பொண்டாட்டிதான் மொதல்ல எடுக்கணும்.

– நீதான் அன்னிக்கு அப்புடி அழுதியே. நீயே எடு.

– நான் எடுத்தா ஆச்சா? பொணத்துக்கு முன்னால நீங்க மரமாட்டம் உக்காந்திருந்தீங்க. நாளைக்கும் வாய் தொறக்கலைன்னா கங்காணி பொண்டாட்டி சும்மா இருப்பாளா? காய்ச்சல்ல சாகல, நல்லம்மாதான் புருசனுக்குச் சோத்துல மருந்து வச்சுட்டான்னுவா. நமுனுகுல மலை பூரா அந்தப் பேச்சு ஏறிரும். அப்புறம் உங்களுக்கு ஒருத்தி தண்ணி குடுக்க மாட்டா.

– குடுக்காட்டிப் போறா.

– கை நிக்குது பாருங்க. தேயிலக் கொழுந்தப் பறிச்சுக்கிட்டே பேசுங்க, கணக்கப்புள்ள கீழதான் நிக்கிறாரு. சொல்லுங்க, காலையில எந்திரிச்சு என்ன பண்ணுவான்?

– பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போவாரு.

– அப்புறம்?

– வருவாரு. திம்பாரு. படுப்பாரு.

– அட சாமி! அத வச்சு எப்புடி அழுவுறது? தெனமும் நடக்குறதுல சின்னதா ஒன்ன எடுங்க. மேல்லயத்துப் பூவம்மா, புருசன் முதுகு தேச்சு விட்டதச் சொல்லித்தானே அழுதா? எல்லாரும் கலங்கிப் போயிட்டோம்.

– வெங்காயம்.

– என்ன வெங்காயம்?

– கஞ்சி குடிக்கிறப்போ பாதியக் கடிச்சுட்டு மீதிய என் கலயத்துல போடுவாரு. நீ கடிச்சாத்தான் எனக்கு உறைக்குதுன்னுவாரு.

– இந்தா, வந்துருச்சு! இதத்தான் கேட்டேன். இன்னும்?

– கெணத்துல தண்ணி எறைக்கக் கவல ஓட்டுறப்போ, ரெண்டு மாட்டுல ஒன்னுக்கு எம்பேர வச்சிருந்தாரு. அத அடிக்கவே மாட்டாரு. நான் சோறு கொண்டுபோனா, அடி வாங்குற மாடு என்னையவே மொறைக்கும். அதப் பாத்துச் சிரிப்பாரு. சிரிச்சாத் தோளு குலுங்கும்.

– மதினி, இருங்க. தம்பி எப்பக் கவல ஓட்டுனான்? ஊர விட்டு வர்ற வரைக்கும் அவன் மாட்டுக் கயித்தத் தொட்டதில்லையே.

– ம்.

– நீங்க சொல்றது எங்கண்ணன.

– ஆமா.

– தோணியில வந்து மன்னார்ல எறங்கி நடந்து வந்தப்போ, காட்டுல வாந்திபேதியில போனானே, அந்த அண்ணன.

– அவரத்தான். குழி வெட்டக்கூட கங்காணி நிக்க விடல. தழையப் போட்டு மூடிட்டு நடந்தோம். இந்தத் தோட்டத்துக்கு வந்ததும் தாலியறுத்த என்னைய உன் தம்பிக்குக் கட்டி வச்சீங்க. இவரு நல்லவருதான் வேலாயி, ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா இவருக்கு அழுவலாம்னு ஒக்காந்தா அவருதான் வந்து நிக்கிறாரு. இவரு பொணத்துக்கு முன்னால அவருக்கு எப்புடி அழுவேன்? அதான் வாய மூடிக்கிட்டேன்.

– மதினி…

– இப்பச் சொல்லு. நாளைக்கு நான் என்னத்தப் பாட?

– வெங்காயத்தப் பாடுங்க. மாட்டப் பாடுங்க.

– அது உன் தம்பிக்குச் செய்யுற துரோகமில்லையா?

– அன்னிக்கு நான் தம்பி மேல விழுந்து அழுதேனே மதினி, அது மட்டும் யாருக்குன்னு நெனச்சீங்க?