தரை தொட்ட பிறகும் ஓயாத கால்கள்

உத்திரமேரூர் மண்ணில் பிறந்து விண்ணில் வழி கண்ட வித்தகியே! குடைக்கடை கிதர் முகம்மதுவின் குலமகளாய் வந்து, காற்றையே கைக்குடையாய்ப் பிடித்த காரிகையே! எம் பறப்புப் பயிற்சிக் கழகத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் பாங்குடன் நடத்தி இன்று ஓய்வு பெறும் தலைமைப் பயிற்றுநர் தாஜுன்னிசா அம்மையீர்! வணங்கி மகிழ்கிறோம்.

இம்மடலை எழுதியவர் துணைப் பயிற்றுநர் சாம்சன். தம் கதையையும் இதில் மறைக்காமல் வாசிக்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

தாங்கள் தலைமைப் பொறுப்பேற்ற அன்று, தங்களைவிட நானூறு மணி நேரம் கூடுதலாகப் பறந்தவர் அவர். முதல் மாலையைப் போட்டவரும் அவரே; அன்றிரவு சோறு இறங்காமல் படுத்தவரும் அவரே. தாங்கள் பூப்போல இறங்கும்போதெல்லாம், ஒருமுறையாவது விமானம் துள்ளாதா என்று விமானக் கொட்டகை ஓரம் நின்று ஏங்குவார். "எல்லாம் அதிர்ஷ்டம்பா, வேற இன்னா?" என்பார் மெக்கானிக் வேதகிரியிடம்.

ஏழாண்டுகளுக்கு முன் ஓர் ஆடிக் காற்று நாளில், பின்னால் குட்டிச் சக்கரம் வைத்த மஞ்சள் விமானத்தை அவர் இறக்கினார். அவ்வகை விமானத்தில் கனமெல்லாம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். மூக்கு சற்றுத் திரும்பினாலும் வால் முந்தப் பார்க்கும். சக்கரங்கள் மூன்றும் அழகாய்த் தரை தொட்டன. தாங்கள் பார்த்தீர்களா என்று அவர் கண் ஓடுதள ஓரத்துக்குப் போனது. வாலைத் திருப்பும் பெடலில் கால் தளர்ந்தது. பக்கக் காற்று வாலைத் தள்ள, விமானம் பம்பரமாய்ச் சுழன்று, இறக்கை உராய்ந்து, வேர்க்கடலைக் கொல்லையில் போய் நின்றது.

முதலில் ஓடி வந்தவர் தாங்கள்.

"அடி கிடி பட்டுச்சா சாம்சன்?"

"இல்ல மேடம். காத்து தூக்கிடுச்சு."

"காத்து இல்ல. கால வுட்டுட்டீங்க. பாத்துக்கினுதான் இருந்தேன்."

அறிக்கையிலும் அதையே எழுதினீர்கள். மூன்று மாதம் அவர் பறக்கத் தடை. மேடம் என்னை ஒழித்துக்கட்டிவிட்டார் என்று உள்ளுக்குள் குமைந்தார் சாம்சன்.

தடை முடிந்த அன்று அவரைப் பின்னிருக்கையில் அமர்த்தித் தாங்களே விமானத்தை இறக்கிக் காட்டினீர்கள். முன்பெடலோடு இணைந்த பின்பெடலை அவர் பாதம் லேசாகத் தொட்டிருந்தது. தரை தொட்ட பிறகும் அந்தப் பெடல் இடமும் வலமும் ஓயாமல் அசைந்தது. விமானம் நின்ற பிறகும் நடுங்கியது.

"இன்னா மேடம், கால் நடுங்குது?"

"பயமா கீது சாம்சன். முப்பது வருசமா கீது. அது போயிடுச்சுன்னா கால் தூங்கிடும்."

அதுவரை தங்கள் அதிர்ஷ்டத்தின் மேல் பொறாமைப்பட்டவர், அன்று முதல் தங்கள் பயத்தின் மேல் பொறாமைப்பட்டார்.

நாளை முதல் தங்கள் நாற்காலி அவருக்கு. நேற்று மாணவி செவ்வந்தி, "இனிமே நீங்களா சார்?" என்று முகம் வாடியபோது, பழையபடி வயிறு எரிந்ததாம். அதை மறைக்க அவர் விரும்பவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு குறுக்குக் காற்றில் பறந்து திரும்பினார். சக்கரம் தரையைத் தொட்டதும், "சூப்பர் சார்! மேடம் மாதிரியே!" என்று கத்தினாள் அவள்.

பத்தொன்பது ஆண்டுகளாய்க் கேட்க ஏங்கிய சொல். சாம்சன் திரும்பவில்லை. விமானம் இன்னும் தரையில் ஓடிக்கொண்டிருந்தது; பெடலில் அவர் கால்களும்.

அம்மையீர்! நோயின்றி, நிறைவோடு நூறாண்டு கடந்தும் தாங்கள் வாழ்க! தங்கள் தலைக்கு மேல் விமான ஒலி கேட்கும்போதெல்லாம் அண்ணாந்து பாருங்கள். குறை கண்டால் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அன்பும் சற்றே அழுக்காறும் கொண்ட,
கழகப் பணியாளர்கள்
உத்திரமேரூர்